ஊர் வானொலியில் கலை விமர்சனம்: பாராட்டு மட்டும் போதுமா?

வெள்ளாற்றங்கரை

புதுக்கோட்டை வட்டாரத்தில் இயங்கும் ஒரு சமூக வானொலியில் வாரத்துக்கு அரை மணி நேரம் கலை விமர்சன நிகழ்ச்சி நடத்துகிறோம். நானும் சில நண்பர்களும் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலை. சுற்றுவட்டாரத்தில் நடக்கும் நாடகம், கச்சேரி, திருவிழா மேளம், புத்தக வெளியீடு, ஓவியக் கண்காட்சி எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுவோம். அங்கே பதிவு செய்த ஒலித்துண்டுகளை இடையிடையே போடுவோம்.

பங்குனியில் ஒரு கிராமத்தில் விடிய விடிய நடந்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்தைப் பற்றிப் பேசினோம். நாரதருக்கும் வள்ளிக்கும் நடந்த தர்க்கம் அபாரமாக இருந்தது என்று சொல்லி, அந்தப் பகுதியை நீளமாகவே ஒலிபரப்பினோம். கூடவே, கோமாளியாக வரும் பபூன் பகுதி அளவுக்கு மீறி இழுத்தது, அதில் பெண்களைக் கேவலப்படுத்தும் பேச்சு நிறைய இருந்தது, முருகனாக வந்தவர் பாட்டுக்குப் பாட்டு சினிமா மெட்டுக்குத் தாவிவிட்டார் என்றும் சொன்னோம். அடுத்த வாரமே விழாக் குழுவினர் சிலர் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். “எங்கள் ஊர்த் திருவிழாவை எங்கள் ஊர் வானொலியே குறை சொல்லலாமா?” என்பது அவர்கள் கேள்வி.

இப்போது எங்கள் குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கலைஞரை அறிமுகம் செய்வோம், பேட்டி எடுப்போம், பாராட்டுவோம், அதோடு நிறுத்திக்கொள்வோம் என்கிறது ஒரு தரப்பு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதிய காலத்திலிருந்தே சபா மேடைக்கு விமர்சகர்கள் உண்டு. மார்கழிக் கச்சேரியில் ஒரு பாடகி தோடி பாடினால் அதை அலச ஆள் இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் விடிய விடிய ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் நின்று பாடும் ஸ்திரீபார்ட்டுக்கு, அதாவது கதாநாயகி வேடக்காரருக்கு, என்ன கிடைக்கிறது? ஒரு சால்வை, “இன்னார் அன்பளிப்பு ரூபாய் ஐம்பது” என்று மைக்கில் ஓர் அறிவிப்பு. அவர் எப்படிப் பாடினார் என்று ஒருவரும் பேசுவதில்லை. அந்த வேலையை ஊர் வானொலி செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எங்கள் முடிவுக்கு அது உதவும்.

ஹார்மோனியக்காரர் மகள்

வெள்ளாற்றங்கரை அண்ணனுக்கு வணக்கம். என் அப்பா ‘வள்ளி திருமணம்’ போன்ற ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஹார்மோனியம் வாசித்தவர். அதனால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று உங்கள் நேயர்களுக்குச் சொன்னீர்களா? அதற்கென்று நிரந்தரமான குழு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து வருவார், பபூனும் டான்ஸ் பெண்ணும் வேறு வேறு ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். ஒருவரையொருவர் சந்திப்பதே பல சமயம் ஒப்பனைக் கொட்டகையில்தான். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் முன்பின் பழகாதவர்கள் இரவு முழுவதும் ஒரு கதையை நடத்திக்காட்ட முடிகிறது. சுவாமிகள் மறைந்தது 1922இல். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த வரிகள் மேடையில் நிற்கின்றன என்றால் இவர்களுடைய தொண்டையில்தான் நிற்கின்றன.

மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை கிடைக்கும் நாடகங்களை வைத்துத்தான் மீதி மாதங்களும் ஓட வேண்டும். ஒருவர் பெயரைச் சொல்லி வானொலியில் குறை சொன்னால், அடுத்த ஊர் விழாக் குழு நோட்டீஸ் அடிக்கும்போது அந்தப் பெயரை அடித்துவிடும். பெரிய வித்வானை விமர்சித்தால் அவருக்கு ஒரு வாரம் வருத்தம். இவர்களுக்கு அப்படி இல்லை, அடுப்பே அணைந்துவிடும்.

இன்னொன்று. பபூன் ஏன் இழுத்தார் என்று கேட்டீர்களா? ஸ்திரீபார்ட் வர வேண்டிய வண்டி தாமதமானால், “வந்து சேரும் வரை ஓட்டுங்கள்” என்று பின்னாலிருந்து சொல்லுவார்கள். முன்வரிசையில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் கத்தினால், “அவர்கள் கேட்பதைப் பேசிவிடுங்கள், கலாட்டா வேண்டாம்” என்று விழாக் குழுவே கெஞ்சும். சினிமா மெட்டும் அப்படித்தான். அப்பா அந்த மெட்டை வாசிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசிப்பார். கட்டைகள் மேல் விரல் ஓடும், கண் திரைச்சீலையைப் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

பழைய ஒலிவாங்கி

அரசு வானொலியில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி வெள்ளாற்றங்கரை விமர்சனத்தைக் கைவிடக்கூடாது. மகள் சொன்னதைத் தள்ளிவிடவும் கூடாது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். சமூக வானொலிக்கு உரிமம் வாங்கியவர்கள் பலர், விமர்சனம் என்றால் விதிமீறல் என்று நினைக்கிறார்கள். ஆகாசவாணியின் ஒலிபரப்பு நெறியைத்தான் சமூக வானொலிகளும் பின்பற்ற வேண்டும். நட்பு நாடுகளைத் தாக்குவது, மதங்களையும் சமூகங்களையும் இழிவுபடுத்துவது, ஆபாசம், வன்முறையைத் தூண்டுவது, நீதிமன்ற அவமதிப்பு போன்றவற்றை அது தடுக்கிறது. பாடகர் சுருதி விலகினார் என்று சொல்லாதே என்று அதில் எங்கும் இல்லை. பார்க்கப்போனால், மேடையில் பேசிய ஆபாசத்தை அப்படியே ஒலிபரப்பினால்தான் விதி உங்களைப் பிடிக்கும். சமூக வானொலி சொந்தமாகச் செய்தி அறிக்கை தயாரிக்க முடியாது, ஆகாசவாணிச் செய்தியைத்தான் மறு ஒலிபரப்புச் செய்யலாம். ஆனால் ஊர்ப் பண்பாட்டு நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

அடுத்தது தொழில் சம்பந்தப்பட்டது. பத்திரிகையில் “இரண்டாம் காலத்தில் தாளம் தடுமாறியது” என்று எழுதினால் வாசகர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். வானொலியில் அந்த இடத்தையே போட்டுக் காட்ட முடியும். விமர்சகர் சொல்வது சரியா என்று கேட்பவரே காதால் தீர்மானித்துக்கொள்வார். இந்த வசதி எந்த அச்சு ஊடகத்துக்கும் கிடையாது. அதனால் கருத்துக்கு முன்னால் ஒலித்துண்டு வர வேண்டும். இருபது, முப்பது வினாடி போதும். முதலில் கேட்கட்டும், பிறகு நீங்கள் பேசுங்கள். நீங்கள் பேசி முடித்துவிட்டுத் துண்டைப் போட்டால், நீங்கள் சொன்னதைத்தான் அவர்கள் காது தேடும். அது கலைஞருக்குச் செய்யும் அநியாயம்.

பதிவு செய்யும்போதும் கவனம் தேவை. மேடை ஒலிபெருக்கிக் கூம்புக்கு எதிரே கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்துவிட்டு, குரல் கரகரத்தது என்று பேசினால் நீங்கள் விமர்சிப்பது மைக்செட்டைத்தான். பக்கவாட்டில், மேடைக்கு அருகில், ஹார்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் எதிர்ப்புறமாக நின்று பதிவு செய்யுங்கள். ஆரம்பிக்கும் முன்பே கலைஞர்களிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

நகரவாசி

அரை மணி நேர விமர்சனத்தை யார் கேட்கப்போகிறார்கள்? எல்லா நாடகமும் மறுநாளே யூடியூபில் வந்துவிடுகிறது. பிடித்தவர்கள் அங்கேயே கருத்து எழுதுகிறார்கள். நூறு வாட் நிலையம் எட்டும் தூரமே 10, 15 கிலோமீட்டர்தான். இந்த உழைப்பை ஒரு யூடியூப் சேனலில் போட்டால் உலகமே பார்க்கும்.

வெள்ளாற்றங்கரை

நகரவாசி நண்பருக்கு: யூடியூபில் நாடகம் வருவது உண்மைதான், நல்லதும்கூட. கீழே உள்ள கருத்துகளைப் படித்துப் பாருங்கள். “அருமை”, “சூப்பர்”, “எங்க ஊரு”, அடுத்து பெண் கலைஞரின் தோற்றத்தைப் பற்றி நாலு அசிங்கமான வரி. இதை விமர்சனம் என்று என்னால் ஏற்க முடியாது.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்பதை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. நான் விமர்சித்த நடிகர் எந்த நாளும் என் பக்கத்து இருக்கையில் பஸ்ஸில் உட்காரக்கூடும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எதையும் நான் மைக்கில் சொல்ல முடியாது. அது ஒரு நல்ல கட்டுப்பாடு. உலகத்தைப் பார்த்துப் பேசும்போது இந்தக் கூச்சம் போய்விடுகிறது.

ஹார்மோனியக்காரர் மகள் எழுதியதை எங்கள் குழுவில் எல்லோரும் படித்தோம். இழுத்தடிப்புக்கும் ஆபாசப் பேச்சுக்கும் விழாக் குழுதான் காரணம் என்றால், விழாக் குழுவையும் விமர்சிக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாடகம் என்பது நடிகர் மட்டுமா? மேடை எப்படி இருந்தது, மைக் எப்படி இருந்தது, பெண் கலைஞர்கள் உடை மாற்ற மறைவான இடம் இருந்ததா, பேசிய சம்பளம் விடிந்ததும் கைக்கு வந்ததா, முன்வரிசைக் குடிகாரர்களை யாராவது அடக்கினார்களா? இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த இரவு. கலை விமர்சனம் என்ற பெயரில் மேடையின் விளிம்போடு நிற்பது ஏன்?

சீவாளி

கடைசியாக ஒருவர் இதைச் சொன்னார்! நான் நாதஸ்வரம் பக்கத்து ஆள். கோயில் மேளத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்குகிறது. தவில் அதிர, கோபுர வாசலைத் தாண்டும்போது உடம்பு சிலிர்க்கும். வீதி முனையில் சுவாமி நிற்கும்போது ஒரு ராக ஆலாபனைக்கு நேரம் கிடைக்கும். வித்வான் கல்யாணியோ காம்போதியோ எடுத்து, மெல்லப் படிப்படியாக மேலே போகிறார். அந்த நேரம் பார்த்துச் சரவெடி வெடிக்கும். அலங்கார விளக்குக்கான ஜெனரேட்டர் அவர் முதுகுக்குப் பின்னாலேயே உறுமும். தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கியில் சினிமா பக்திப் பாட்டு வேறு. போதாததற்கு, இப்போது பல ஊர்களில் செண்டை மேளத்தையும் கூப்பிட்டு நாதஸ்வரத்துக்கு முன்னால் விடுகிறார்கள். செண்டை உயர்ந்த கலைதான், அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் அடிக்கவிடுவது இரண்டுக்கும் அவமரியாதை. அந்த வித்வான் “சரியாக வாசிக்கவில்லை” என்று எழுதினால் நியாயமா?

உங்கள் நிகழ்ச்சியில் அந்த வீதி முனையின் ஒலியை ஒரு நிமிடம் அப்படியே போடுங்கள். ஆலாபனையும் ஜெனரேட்டரும் சேர்ந்து வரட்டும். விளக்கமே வேண்டாம், ஊரே கேட்டுக்கொள்ளும். கஞ்சிரா என்ற சிறு தாளக் கருவியைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையின் ஊர் புதுக்கோட்டை. காது இல்லாத ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வடமராட்சியான்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன் ஐயா. உங்களுடைய ஸ்பெஷல் நாடகத்தை நாங்கள் இசை நாடகம் என்போம். தமிழகத்திலிருந்து வந்த நாடகக்காரர் போட்ட விதைதான், வேர் எங்கள் மண்ணில் பிடித்தது. நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் பாடுவதைக் கேட்க ஊர் ஊராகச் சனம் திரண்டது. அவர் மறைந்தது 1989இல். இன்றைக்கும் மயான காண்டம் மேடையேறினால், வயதானவர்கள் அவருடைய பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கதைப்பார்கள்.

நான் சொல்ல வந்தது அந்த ஒப்பீட்டைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் உண்மையான விமர்சகர்கள் கொட்டகையில் பாயில் இருந்து பார்த்த கிழவர்களும் கிழவிகளும்தான். “இந்த இடத்தில் அவர் மூச்சு விடமாட்டார், இவன் விடுகிறான்” என்று சொல்லும் காது அவர்களுக்கு உண்டு. இலங்கை வானொலியை உங்கள் பக்கமும் விரும்பிக் கேட்டவர்கள் என்று அறிவேன். வானொலிக்கு வேண்டியது அப்படியான பழகிய காதுதான். படித்த ஒருவர் கலையகத்தில் இருந்து பேசுவதை மட்டும் வைத்து நிகழ்ச்சி செய்யாதீர்கள். இரண்டு பழைய இரசிகர்களைக் கூட்டிவந்து, ஒலித்துண்டைப் போட்டுக் காட்டி, அவர்களைக் கதைக்கவிடுங்கள். அவர்கள் பிழை சொன்னால் கலைஞருக்கும் அது உறைக்கும். அந்தப் பாட்டை மூன்று தலைமுறையாகக் கேட்டவர் சொல்வதல்லவா?

கோட்டோவியம்

எல்லோரும் பாட்டையும் நாடகத்தையும் பற்றியே பேசுகிறீர்கள். ஓவியம், சிற்பம், பரதம் எல்லாம் வானொலிக்கு ஆகாதா?

வெள்ளாற்றங்கரை

ஆகும். ஆனால் உழைப்பு இரண்டு மடங்கு. சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றி ஒரு பகுதி செய்தோம். “அழகிய தாமரைக் குளம்” என்று சொன்னால் கேட்பவர் மனதில் ஒன்றும் எழாது. தாமரைக் குளத்துக்குள் மீன் எங்கே இருக்கிறது, யானை எங்கே இருக்கிறது, பூப்பறிக்கும் ஆளின் தோளில் தண்டு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று, விதானத்தை அண்ணாந்து பார்த்தபடியே எங்கள் தோழி ஒருவர் பேசினார். குகைக்குள் குரல் எதிரொலிக்கும் ஒலியோடு சேர்த்து அதைப் போட்டோம். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியம், எத்தனை இடங்களில் உதிர்ந்திருக்கிறது என்பதையும் அவர் மழுப்பாமல் சொன்னார். பரதத்துக்கு இன்னும் சரியான வழி பிடிபடவில்லை. சலங்கை ஒலி தாளத்தைக் காட்டும், அபிநயத்தைக் காட்டாது. ஆடியவரையே அழைத்து, ஒரு பதத்தின் ஒரே ஒரு வரிக்கு என்னென்ன செய்தார் என்று பேசவைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றியும் செய்ய ஆசை. சுரங்களைக் கோவை கோவையாகப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள், நம் வானொலி எட்டும் தூரத்தில். அதைப் பாடிப் பார்க்க முன்வரும் இசை மாணவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி, பணம் எங்கிருந்து வருகிறது? திருவிழா நாடகத்துக்கு மேடை போட்டுத் தரும் ஜவுளிக்கடைதான் உங்கள் நிகழ்ச்சிக்கும் விளம்பரம் தருகிறது என்றால், அந்த விழாவை நீங்கள் விமர்சிப்பீர்களா? சமூக வானொலிகளுக்கு ஒரு மணி நேரத்தில் 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை 2024இல் 12 நிமிடமாக்கினார்கள். அரசு விளம்பரக் கட்டணமும் 10 வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயானது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கூடுதல் நிமிடங்களை உள்ளூர்க் கடைக்காரர்தான் நிரப்ப வேண்டும். அவர்தான் விழாக் குழுத் தலைவராகவும் இருப்பார்.

பழைய ஒலிவாங்கி

கணக்குப்பிள்ளை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். விமர்சன நிகழ்ச்சிக்குள் விளம்பரமே வேண்டாம், தம்பி. நிலையத்துக்கு வரும் விளம்பரத்தை வயலும் வாழ்வும் நேரத்திலோ பாட்டு நேரத்திலோ போடுங்கள். அப்படியும் ஒரு விழாவுக்குப் பணம் கொடுத்தவர் நிலையத்துக்கும் கொடுக்கிறார் என்றால், நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

ஹார்மோனியக்காரர் மகள்

மீண்டும் எழுதுகிறேன். விழாக் குழுவையும் சேர்த்துப் பேசுவோம் என்று அண்ணன் சொன்னது மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் என் சந்தேகம் முழுதும் தீரவில்லை. பெயர் சொல்வதா, கூடாதா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

என் கருத்து இது: பாராட்டும்போது முழுப் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள், அது அவருக்கு அடுத்த நாடகத்தைத் தேடித் தரும். பாட்டில் குறை இருந்தால் “ராஜபார்ட்” என்று வேடத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள், பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், திருத்திக்கொள்வார். பெண்களை இழிவாகப் பேசுவதற்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். மேடையில் நிற்கும் டான்ஸ் பெண் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே உட்கார்ந்திருக்கும் அவள் மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளாற்றங்கரை

தங்கை சொன்னது அப்படியே எங்கள் வழிமுறையாகிவிட்டது. நேற்றைய கூட்டத்தில் கொஞ்சம் சத்தம் கூடியது, ஆனால் முடிவு எடுத்துவிட்டோம். விமர்சனம் தொடரும். ஒலித்துண்டு முதலில், கருத்து பிறகு. பாராட்டில் பெயர், பாட்டுக் குறையில் வேடம். ஆபாசப் பேச்சு என்றால் பேசியவரையும் பேசவிட்ட குழுவையும் சேர்த்துச் சொல்லுவோம், அந்தப் பேச்சை ஒலிபரப்பமாட்டோம். ஒவ்வொரு விமர்சனத்தின் முடிவிலும் மேடை, மைக், ஒப்பனை இடம், சம்பளம் பற்றிக் கட்டாயம் ஒரு பகுதி இருக்கும். விமர்சிக்கப்பட்டவர் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் பதில் சொல்லலாம், அதை வெட்டாமல் போடுவோம்.

பாராட்டு மட்டும் போதும் என்ற தரப்பில் ஒரு நண்பர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவர் விலகவும் இல்லை. வடமராட்சியான் ஐயா சொன்ன பழைய இரசிகர்களைத் தேடிப்பிடிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்திருக்கிறோம்.

நிலையத்துக்கு வந்து சண்டை போட்ட விழாக் குழுவையும் பேச அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பபூன் பகுதி நீண்டதற்கு வண்டித் தாமதம்தான் காரணமா, அந்தப் பேச்சை யாராவது கேட்டு வாங்கினார்களா என்று அவர்களிடமே கேட்கப்போகிறோம். ஆடி மாத நாடகங்களுக்குத் திருமயம், பொன்னமராவதி பக்கம் போய்ப் பதிவு செய்ய ஆள் தேவை. இரவு முழுவதும் விழித்திருக்கக்கூடியவர்கள் இங்கேயே எழுதுங்கள், ஒலிப்பதிவுக் கருவி எங்களிடம் இருக்கிறது.